கிளெய்மை எவ்வளவு அகலமாக எழுதலாம்: மோர்ஸின் எட்டாவது கிளெய்மும் இன்னும் மூன்று வழிகளும்

காப்புரிமை விண்ணப்பத்தில் வரைபடம், விளக்கம், சோதனை விவரம் என்று எத்தனை பக்கம் இருந்தாலும், சண்டை என்று வந்துவிட்டால் எல்லோரும் புரட்டுவது கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம்களைத்தான். 'உரிமைக்கோரிக்கை' என்று தமிழில் எழுதலாம். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயில் வருவது கிளெய்ம்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போன்ற வேலை இது. எல்லையைக் குறுக்கி எழுதினால் ஒருவன் வேலியை ஒட்டி வந்து அதே கடையைப் போடுவான், ஏன் என்று கேட்க முடியாது. புறம்போக்கையும் சேர்த்து எழுதினால் அந்த எல்லையே செல்லாமல் போகும்.

எழுத உட்காருபவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கிடைக்கிற பலனையே கோருவது ஒன்று. அந்தப் பலனை வரவழைக்கும் செயல்முறையைக் கோருவது இன்னொன்று. பயன்படக்கூடிய பொருள்களின் இனம் முழுவதையும் வளைத்துப் போடுவது மூன்றாவது. கையால் செய்து பார்த்த கலவையை மட்டும் அப்படியே கோருவது நான்காவது. நான்கையும் 19ஆம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் உரசிப் பார்த்துவிட்டன. பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆம்ஜென் நிறுவனத்தின் கொழுப்புக் குறைப்பு மருந்து தொடர்பான கிளெய்ம்களைச் செல்லாது என்று சொன்னபோது, 1854இன் மோர்ஸ் தீர்ப்பையும் 1895இன் மின்விளக்குத் தீர்ப்பையும் எடுத்து வைத்துத்தான் காரணம் சொன்னது.

பலனையே கோரினால்

சாமுவேல் மோர்ஸ் தந்திக் கருவிக்கு 1840இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிறகு 1846இலும் 1848இலும் அதைத் திருத்தி மறுவெளியீடு வாங்கினார். 1848இன் ஆவணத்தில் எட்டு கிளெய்ம்கள். முதல் ஏழும் கருவியோடு ஒட்டியவை. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது மின்காந்தம் நெம்புகோலை இழுக்கும். நெம்புகோலின் முனை, சக்கர அமைப்பால் நகரும் காகித நாடாவில் தடம் பதிக்கும். தூரத்தில் ஓய்ந்துபோகும் மின்னோட்டம், அடுத்த சுற்றிலுள்ள மின்கலத்தைத் திறந்து மூடும் சாவியாக மட்டும் வேலை செய்யும். புள்ளியும் கோடும் இடைவெளியும் சேர்ந்த குறி முறையும் இந்த ஏழுக்குள் அடக்கம்.

எட்டாவதுதான் வில்லங்கம். மேலே விவரித்த இயந்திரங்களோடு என்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை என்று தொடங்குகிறது அது. மின்னோட்டத்தின் இயக்கு விசையை, அது எப்படி உண்டாக்கப்பட்டதாக இருந்தாலும், எவ்வளவு தூரத்திலும் எழுத்தையோ குறியையோ பதிக்கப் பயன்படுத்துவதே என் கண்டுபிடிப்பின் சாரம் என்று முடிகிறது. அதாவது, கருவி எதுவானால் என்ன, மின்சாரத்தால் தூரத்தில் எழுதினாலே அது என்னுடையது.

இந்தச் சொற்களுக்குள் யார் யார் அகப்படுவார்கள் என்று பார்த்தால் அகலம் புரியும். அலெக்சாண்டர் பெயினின் தந்தியில் தடம் பதிக்க மின்காந்தமே கிடையாது. ரசாயனக் கரைசலில் நனைத்த காகிதத்தின்மேல் உலோக முனை உரசி நிற்கும். மின்னோட்டம் பாய்ந்தால் காகிதத்தில் நிறம் மாறிய கோடு விழும். மோர்ஸின் நெம்புகோல் இல்லை, முனை ஏறி இறங்குவதும் இல்லை. ஆனாலும் எட்டாவது கிளெய்மின்படி பெயினும் திருடன்.

கென்டக்கியின் லூயிவில்லிலிருந்து டென்னசியின் நாஷ்வில்வரை போட்டித் தந்திக் கம்பி இழுத்த ஹென்றி ஓரைலிமீது போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1854 ஜனவரியில் தலைமை நீதிபதி டானி தீர்ப்பெழுதினார். நாளைக்கே வேறொருவர் மோர்ஸ் விவரித்த எதையும் தொடாமல், இன்னும் எளிய, பழுது குறைந்த, மலிவான முறையில் மின்சாரத்தால் தூரத்தில் எழுதக்கூடும். இந்தக் கிளெய்மை ஏற்றால் அவர் மோர்ஸிடம் அனுமதி கேட்டுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். இன்னொரு கூர்மையான கருத்தும் அதில் உண்டு. மோர்ஸ் பின்னால் தெரிந்துகொள்ளும் புது வழிகளைக்கூட ஆவணத்தில் எழுதாமலே இந்த எட்டாவதின் கீழ் அனுபவிக்கலாம், பொதுமக்களுக்கு எதையும் சொல்லித்தராமலே. காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். சொல்லித் தந்த அளவுக்குத்தான் வேலி. நீதிபதி க்ரியரும் அவரோடு இன்னும் இருவரும் எட்டாவது கிளெய்மைக் காப்பாற்ற வேண்டும் என்று மாறுபட்டார்கள். அவர்கள் வாதமும் சொத்தையானதல்ல: ஒரு கலையையே புதிதாகத் தொடங்கி வைத்தவனுக்கு அதை ஓட்டும் கருவியை மட்டும் கொடுப்பது நியாயமா என்று கேட்டார்கள். ஆனால் பெரும்பான்மை டானியின் பக்கம்.

பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்து நடந்ததைத்தான். மோர்ஸ் வழக்கில் தோற்கவில்லை. ஏழு கிளெய்ம்களும் நின்றன, ஓரைலி மீறியவர் என்றே முடிவானது. ஆனால் வழக்குச் செலவு மோர்ஸுக்குக் கிடைக்கவில்லை. அப்போதைய 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனக்கு உரிமையில்லாததைக் கோரியவர் வழக்குக்கு முன்பே அந்தப் பகுதியைக் கைவிடுவதாகப் பதிவு செய்திருந்தால்தான் செலவுத் தொகை கேட்கலாம். அநியாயமாகத் தாமதித்தால் முழு வழக்கும் போயிருக்கும். காப்புரிமை அலுவலகமும் கீழ் நீதிமன்றமும் எட்டாவதை ஏற்றிருந்ததால் தாமதம் மன்னிக்கப்பட்டது.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 114ஆம் பிரிவு கிட்டத்தட்ட இதே கணக்கைப் போடுகிறது. ஒரு கிளெய்ம் செல்லாது, இன்னொன்று செல்லும், செல்லுவதை எதிரி மீறியிருக்கிறார் என்றால் தடையாணை கிடைக்கலாம். ஆனால் செல்லாத கிளெய்ம் நல்லெண்ணத்தோடும் போதிய திறமையோடும் எழுதப்பட்டது என்று காட்டாவிட்டால் நஷ்டஈடு கிடையாது. 'ஒன்றும் போகாது, பெரிதாகக் கேட்டு வைப்போம்' என்று அலட்சியமாக எழுதும் முதல் கிளெய்முக்கு விலை இதுதான்.

எனவே முதல் வழியை நேராக நிராகரிக்கலாம்.

செயல்முறையைக் கோரினால்

மோர்ஸ் தரப்பு தனக்குத் துணையாகப் பிடித்துக்கொண்டது இங்கிலாந்தின் நீல்சன் எதிர் ஹார்ஃபோர்டு தீர்ப்பை. கிளாஸ்கோவின் ஜேம்ஸ் போமான்ட் நீல்சன் 1828இல் வாங்கிய காப்புரிமை அது. இரும்பு உலைக்குள் துருத்தி ஊதும் காற்றை, உலைக்குள் போகும் முன்பே வேறொரு கலத்தில் சூடாக்குவது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அன்றைய உலைக்காரர்களோ குளிர்காற்றுதான் நல்லது, குளிர்காலத்தில் இரும்பு நன்றாக வருகிறதே என்று நம்பியிருந்தார்கள். கிளைட் இரும்பாலையில் ஒரு டன் வார்ப்பிரும்புக்கு சுமார் 8 டன் நிலக்கரி போய்க்கொண்டிருந்தது. வெப்பக்காற்று வந்ததும் அது சுமார் 5 டன்னாகக் குறைந்தது. காற்றை இன்னும் சூடாக்கி, கல்கரிக்குப் பதில் பச்சை நிலக்கரியையே போட்டபோது இரண்டேகால் டன்னுக்கு வந்தது. நீல்சன் கேட்ட உரிமத் தொகை டன்னுக்கு ஒரு ஷில்லிங். அதையும் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் வழக்குக்குப் போனார்கள்.

கிளெய்ம் எழுதும் ஒவ்வொருவரும் நீல்சனின் விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கிச் சொல்லும் ஆவணத்தை, ஒருமுறை பார்க்க வேண்டும். கலத்தின் வடிவம் பலனைப் பாதிக்காது, இடத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. சாதாரணக் கொல்லன் உலைக்கு 1,200 கன அங்குலம் கொள்ளும் கலம் போதும் என்கிறார். நம் வீட்டு 20 லிட்டர் தண்ணீர் கேன் அளவு. வார்ப்பட உலைக்கு 10,000 கன அங்குலம். செந்தணலுக்கு நெருக்கமான சூடு நல்லது, ஆனால் அவ்வளவு சூடு இல்லாவிட்டாலும் பலன் உண்டு என்று இரண்டையும் சொல்கிறார். சிறந்த நிலை எது, வேலை செய்யும் குறைந்தபட்ச நிலை எது என்று பிரித்துச் சொன்ன இந்த ஒற்றை வாக்கியம் கிளெய்மின் அகலத்தைத் தாங்கிப் பிடித்தது.

வழக்கில் எதிரிகள் வளைந்த குழாய்களில் காற்றைச் சூடாக்கினார்கள், இன்னும் அதிக வெப்பம் எட்டினார்கள். வடிவம் பலனைப் பாதிக்காது என்பது பொய், குழாய் உங்கள் பெட்டியைவிட மேலாகச் சூடாக்குகிறதே என்று மடக்கினார்கள். 1841இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் 'பலன்' என்ற சொல்லை நிதானமாகப் படித்தது: பயன் தரும் அளவுக்குக் காற்றைச் சூடாக்குவதே பலன், அதற்கு எந்த வடிவமும் போதும். சூட்டின் அளவு கூடுவதும் குறைவதும் வேறு சங்கதி. நீல்சன் பிழைத்தார். இருந்தாலும் மயிரிழைதான். 'எந்த வடிவத்திலும் ஒரே அளவு சூடு' என்று எழுதியிருந்தால் மூழ்கியிருப்பார்.

சூடான காற்று எரிதலுக்கு உதவும் என்ற கொள்கையை நீல்சன் கோரவில்லை, அது ஏற்கெனவே தெரிந்ததாக வைத்துக்கொண்டு அதை உலையில் பயன்படுத்தும் அமைப்பைத்தான் கோரினார் என்று நீதிபதி பார்க் படித்தார். டானி மோர்ஸை இதிலிருந்து பிரித்ததும் இந்த இடத்தில்தான். கொள்கையும் வழியும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் நிற்கும். வழியைக் கழற்றி எறிந்தால் நிற்காது.

அந்தக் கட்டைச் சரியாகப் போட்டவர் கிரகாம் பெல். 1876 மார்ச் 7 அன்று கிடைத்த காப்புரிமையின் ஐந்தாவது கிளெய்ம், மின்சாரத்தால் குரலை அனுப்புவது என்று எழுதப்படவில்லை. குரல் எழுப்பும் காற்றதிர்வின் வடிவத்தையே ஒத்த அலைவுகளை மின்னோட்டத்தில் உண்டாக்கி அனுப்புவது, இங்கே விவரித்தபடி, என்று எழுதப்பட்டது. 1888இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அதை நிலைநாட்டியது. மின்சாரத்தையே அவர் கேட்கவில்லை, மின்னோட்டத்தை ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவரும் முறையைக் கேட்டார் என்றார் தலைமை நீதிபதி வெய்ட். காப்புரிமை கைக்கு வந்து மூன்று நாள் கழித்துத்தான் பெல்லின் குரல் அவருடைய உதவியாளர் வாட்சனுக்குக் கம்பியில் புரிந்தது என்பது உபரித் தகவல். ஆவணத்தைப் படித்து, துறை தெரிந்த ஒருவர் செய்துவிட முடியும் என்றால் அதுவே போதும் என்றது நீதிமன்றம்.

'இங்கே விவரித்தபடி' என்ற வாலை இன்று அப்படியே ஒட்டினால் வேலை நடக்காது. இந்திய பரிசோதகர்கள் அதைத் தெளிவில்லாத கிளெய்ம் என்று ஆட்சேபிப்பார்கள். வழி எது என்பதைக் கிளெய்முக்குள்ளேயே எழுத வேண்டும்.

பொருளின் இனத்தை வளைத்தால்

ரசாயனம், உணவு, பூச்சு, மருந்து என்று பொருள் சார்ந்த கண்டுபிடிப்புகளில் இந்த ஆசைதான் அதிகம். சாயர், மேன் இருவரும் மின்விளக்கின் எரியிழையாகக் 'கரியாக்கிய நாரிழை அல்லது நெய்பொருள்' எதையும் கோரினார்கள். செய்து பார்த்தது கரியாக்கிய காகிதத்தையும் மரத்தையும். எடிசன் தரப்பு மூங்கிலுக்குப் போனது. சாயர்–மேன் கிளெய்ம் செல்லாது என்று 1895இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரவுன் எடிசனின் தேடலைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: 6,000க்கு மேற்பட்ட தாவர வகைகளைப் பார்த்ததில் உருப்படியாகத் தேறியவை மூன்று மூங்கில் இனங்கள், ஒரு பிரம்பு, கற்றாழைக் குடும்பத்தில் ஓரிரு நார்கள், அவ்வளவே.

மூங்கில் ஏன் தேறியது? அதன் நார்கள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே சீராக ஓடுகின்றன. பெரும்பாலான தாவரங்களில் அந்தச் சீர் இல்லை. இழையின் தடிமனோ அடர்த்தியோ ஓரிடத்தில் மாறினால் அங்கே மின்தடை கூடும், அந்தப் புள்ளி அளவுக்கு மீறிக் காய்ந்து இழை அறுந்துவிடும். ஆக, வேலை செய்தது நார் என்ற இனத்தின் பொதுக் குணமில்லை, சில தாவரங்களின் தனிக் குணம். நாரிழை எல்லாவற்றுக்கும் பொதுவான, மற்றப் பொருள்களிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு குணத்தைக் கண்டுபிடித்திருந்தால் இவ்வளவு அகலம் நியாயமாக இருந்திருக்கலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. இனத்தைக் கோர நினைப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். அந்தப் பொதுக் குணத்தை ஒரு வரியில் எழுத முடிகிறதா? முடியவில்லை என்றால் இனம் உங்களுடையதல்ல. அந்த வரி கிடைத்தாலும் இனத்தின் இரு கோடியிலிருந்தும் நடுவிலிருந்தும் சோதனை உதாரணங்கள் வேண்டும். ஒரே மூலையிலிருந்து ஐந்து உதாரணம் காட்டுவது ஓர் உதாரணத்துக்குச் சமம்.

செய்ததை மட்டும் கோரினால்

பத்திரமான வழி என்று பலர் நினைப்பது இது. ஆல்ஃபிரட் நோபெலைக் கேட்டால் வேறு சொல்வார். புகை குறைந்த வெடிமருந்தான பாலிஸ்டைட்டுக்கு 1888இல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோசும், கூடவே கொஞ்சம் கற்பூரமும். நைட்ரோசெல்லுலோசை விவரிக்கும்போது 'நன்கறியப்பட்ட கரையும் வகை' என்று எழுதிவிட்டார். அன்றைய வேதியியலில் கரையும் வகை என்றால் ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் கரைவது. அதிகம் நைட்ரோஏற்றம் செய்த வகையான கன்காட்டன் அதில் கரையாது.

மறு வருடமே வேதியியலாளர்களான ஏபலும் டூவாரும் பிரிட்டிஷ் அரசுக்காகக் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள்: 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் கரையாத கன்காட்டன், 5 சதவீதம் வாசலின். இரண்டையும் இணைக்க அசிட்டோனைப் பயன்படுத்தி, பிறகு அதை ஆவியாக்கிவிட்டார்கள். அடிப்படை யோசனை ஒன்றுதான் என்று எவருக்கும் தெரியும். நோபெல் நிறுவனம் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டிலும் தோற்று, 1895இல் பிரபுக்கள் சபையிலும் தோற்றது. ராட்சதனின் முதுகில் ஏறிய குள்ளனுக்கு ராட்சதனைவிடத் தூரம் தெரியத்தான் செய்யும் என்று மேல்முறையீட்டு நீதிபதி கே இரக்கத்தோடு சொன்னார். ஆனாலும் தீர்ப்பு நோபெலுக்கு எதிராகத்தான். தானே எழுதிய எல்லையை யாராலும் பெயர்க்க முடியவில்லை. நீலகிரி அருவங்காட்டில் பிரிட்டிஷ் அரசு கட்டிய ஆலைக்குக் கார்டைட் ஃபேக்டரி என்று பெயர் வந்தது. பாலிஸ்டைட் என்ற சொல் அந்த மலையில் ஒலிக்கவே இல்லை.

எதை எடுப்பது

முதன்மைக் கிளெய்முக்குச் செயல்முறை வழி; அதன் கீழே நான்காவது வழியிலான சார்புக் கிளெய்ம்கள், அதாவது முதன்மையைச் சார்ந்து நின்று ஒரு விவரத்தைக் கூட்டிக் குறுக்குபவை. இனத்தைக் கோருவது சோதனைத் தரவு கையில் இருந்தால் மட்டும். எழுதும் விதத்துக்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம். இது கடைகளில் ஏற்கெனவே கிடைப்பது, இதற்குக் காப்புரிமை கிடைக்காது, பயிற்சிக்கு மட்டும்.

'நீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் எந்தச் சாதனமும்' என்பது மோர்ஸின் எட்டாவது. 'எந்த உணரியையும் பயன்படுத்தி' என்பது சாயர்–மேன். 'மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே 5 நொடி நின்றால் நிறுத்துவது' என்பது நோபெல். போட்டியாளர் 7 நொடி வைத்துவிட்டுச் சிரிப்பார். சரியான முதன்மைக் கிளெய்ம் இப்படிப் போகும்: மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கும் பகுதி, நீர் ஏறும்போது இழுக்கும் அளவை அடிப்படையாகப் பதிந்து வைக்கும் பகுதி, அதைவிட முன்குறித்த விகிதத்துக்குக் கீழே இறங்கி முன்குறித்த நேரம் நிலைத்தால் காண்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சை) விடுவிக்கும் பகுதி. அந்த நேரக் கணக்கு அலங்காரத்துக்கு இல்லை. குழாயில் காற்றுக்குமிழ் வந்தாலே மின்னோட்டம் ஒரு கணம் இறங்கும்; நேரம் பார்க்காத கருவி வீணாக மோட்டாரை நிறுத்தும். இப்படி, எது இல்லாவிட்டால் வேலை கெடுமோ அது மட்டும் முதன்மைக் கிளெய்முக்குள் வர வேண்டும். விகிதம் 50 முதல் 75 சதவீதம், நேரம் 3 முதல் 10 நொடி, லோ வோல்டேஜில் மின்னோட்டம் ஏறுவதைச் சரிக்கட்டும் பகுதி ஆகியவை தனித்தனிச் சார்புக் கிளெய்ம்களாக இறங்கும். மேலே உள்ளது விழுந்தாலும் கீழே ஒன்று நிற்கும்.

இந்தியாவில் கிளெய்ம் பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. பத்துக்குள் அடக்கப் பாருங்கள். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த பிறகு இந்தியச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி குறுக்கலாம், திருத்தலாம், விளக்கலாம். முதலில் கோராத அகலத்துக்குப் பெருக்க முடியாது. தற்காலிக விவரக்குறிப்பு போட்டிருந்தால் முழுதைத் தர 12 மாதம் கிடைக்கும். அந்த மாதங்களைச் சோதனை வரம்பின் இரு கோடியையும் செய்து பார்க்கச் செலவிடுவது நல்லது. சிறந்த முறையை ஒளித்து வைக்க நினைக்க வேண்டாம். 10ஆம் பிரிவு அதை வெளிப்படையாகக் கேட்கிறது.

கையொப்பம் போடும் முன் முதன்மைக் கிளெய்மில் உள்ள பெயரடை ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துப் பாருங்கள். அடித்த பிறகும் கருவி வேலை செய்தால் அந்தச் சொல்லைச் சார்புக் கிளெய்முக்குத் தள்ளுங்கள். வேலை செய்யாவிட்டால் இருக்கட்டும். நோபெல் 'கரையும்' என்ற சொல்லை இப்படி அடித்துப் பார்க்க வேண்டுமென்றால், கரையாத வகையையும் ஒருமுறை கலந்து பார்த்திருக்க வேண்டும்.